தன் சக்கரத்தில் வர வேண்டும்

மார்ச் 1

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று போனை வைப்பதற்கு முன்னால் நீ சொன்னதைத் துணி வெட்டும் சாக்கட்டியால் கடைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறேன். "அந்த வண்டி தன்னோட சக்கரத்துல என் வாசலுக்கு வரட்டும். அதுவரைக்கும் உன்கூட ஒரு வார்த்தை பேச மாட்டேன்." பேச மாட்டேன் என்றுதான் சொன்னாய். படிக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

தப்பு என்னுடையதுதான். வீட்டுக்காரர் இந்த மாதம் முப்பத்தொன்றுக்குள் ஷெட்டைக் காலி செய்யச் சொல்கிறார். ஆறு வருஷமாக ஓடாத வேனை வேறு எங்கே கொண்டுபோய் நிறுத்துவது? பழைய இரும்புக்காரர் வந்து சுற்றிப் பார்த்தார், நானும் சரி என்று தலையை ஆட்டிவிட்டேன். நாம் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கிய வண்டி. உன்னிடம் கேட்காமல் ஆட்டிய தலைக்கு நீ என்ன தண்டனை கொடுத்தாலும் தகும். ஆனால் பேசாமல் இருப்பதை மட்டும் என்னால் தாங்க முடியாது அக்கா.

இரும்புக்காரரை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வண்டியை நானே ஓட்டிக்கொண்டு வருகிறேன். புது பேட்டரி போட்டு, கொஞ்சம் பெட்ரோல் ஊற்றியதும் இருமிக்கொண்டே எழுந்துவிட்டது. சிக்கல் பின்பக்கம் இடது சக்கரத்தில்தான். நடக்க மாட்டாத ஆளைப் போலச் சாய்ந்து நிற்கிறது. இங்கே உள்ள மெக்கானிக் குனிந்து பார்த்தார். சக்கரத்தை வண்டியோடு பிடித்துக்கொண்டிருக்கும் இரும்புக் கை இருக்கிறதே, அதன் முனையில் உள்ள ரப்பர் புஷ் கிழிந்துவிட்டதாம். புஷ்ஷை மாற்ற ஒரே ஒரு போல்ட்டைக் கழற்ற வேண்டும். அது துருப்பிடித்து இறுகிப்போயிருக்கிறது. "அண்ணே, இந்த போல்ட்டக் கழட்டுற நேரத்துல வேற வண்டி வாங்கிடலாம்"னு சொல்லிட்டுப் போய்விட்டார்.

எனக்குத் தையலைப் பிரிக்கத் தெரியும். போல்ட்டைப் பிரிக்க எப்படி?

உன் தம்பி

---

மார்ச் 3

ஊசிக்கு,

'அன்புள்ள' போடவில்லை, கவனித்துக்கொள். இது பேச்சும் இல்லை, வேலை. என் பட்டறைக்கு யார் வந்து கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கியதும் அடியில் மரக்கட்டைகளை அடுக்கு. ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுத்தாயானால் நாம் பேசாமல் இருப்பது நிரந்தரமாகிவிடும். கம்பி பிரஷ்ஷால் மரைகளில் உள்ள துருவைத் தேய்த்து எடு. துரு இளக்கும் எண்ணெயைக் காலையும் மாலையும் அடித்துவிட்டு மூன்று நாள் சும்மா இரு. சும்மா இருப்பது உனக்கு வராது என்று தெரியும், இருந்தாலும் இரு. எண்ணெய் உள்ளே இறங்க நேரம் வேண்டும்.

நான்காம் நாள் ஆறு மூலை உள்ள ஸ்பானரை எடு. பன்னிரண்டு மூலை வேண்டாம், வழுக்கி நட்டை உருண்டையாக்கிவிடும். எடுத்த உடனே கழற்றப் போகாதே. முதலில் ஒரு மயிரிழை முறுக்கு. ஆமாம், இறுகும் பக்கமாக. துருவின் பிடி அப்போதுதான் உடையும். பிறகு கழற்று. வரவில்லை என்றால் ஸ்பானரில் நீளமான குழாயைச் சொருகி இழு. நட் வந்ததும் முழுவதும் எடுத்துவிடாமல் கடைசி மரையில் நிற்க விட்டு அதன் மேல் சுத்தியலால் அடி. இல்லாவிட்டால் போல்ட்டின் முனை மழுங்கிப்போகும்.

போல்ட்டின் தலை சக்கரத்துப் பக்கம் இருக்கும், நட் உள்பக்கம். அப்படித்தான் போட வேண்டும். நான் அந்த ஊரை விட்டு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு அந்த வண்டியில் எவனெவன் கைவைத்தானோ எனக்குத் தெரியாது. நான் முறுக்கிய போல்ட் என்றால் தலையில் சிவப்பு நெயில் பாலிஷ் பொட்டு இருக்கும். முதல் பாட்டில் வாங்கி வந்த அன்றைக்கு, பெண்ணுக்கு இப்போதாவது ஆசை வந்ததே என்று அம்மா சந்தோஷப்பட்டாளே, ஞாபகம் இருக்கிறதா? எந்த போல்ட்டை முறுக்கியாயிற்று என்று அடையாளம் வைக்கத்தான் அது என்று தெரிந்ததும் ரெண்டு நாள் முகம் கொடுக்கவில்லை.

உன் மேல் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன்.

அக்கா

---

மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நட் கழன்றுவிட்டது!

ஆச்சரியக்குறி போட்டு நான் உனக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. நீ சொன்னபடி மூன்று நாள் எண்ணெய் காட்டினேன். நாலாம் நாள் நீ விட்டுப்போன பழைய ஓவரால்ஸை மாட்டிக்கொண்டேன். தைத்துக் கொடுத்தவன் நான்தான், ஆனாலும் என் உடம்பில் அது கொடிக்கம்பத்தில் கட்டிய துணி மாதிரி ஆடுகிறது. "அண்ணி மாதிரியே இருக்கீங்க, சத்தம் மட்டுந்தான் பத்தல"ன்னு என் மனைவி உன்னைச் சொல்லிச் சிரித்தாள்.

முதலில் மயிரிழை முறுக்கினேன். பிறகு மாடிப்படிக் கைப்பிடியிலிருந்து கழற்றிய குழாயை ஸ்பானரில் மாட்டி, சுவரில் காலை உதைத்துக்கொண்டு இழுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. காலையில் அரை மணி, கடை சாத்திவிட்டு வந்து அரை மணி என்று ரெண்டு நாள் இழுத்தேன். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்களே, எனக்கு அம்மி நகரவில்லை, தோள்பட்டைதான் நகர்ந்தது. இன்று காலை திடீரென்று 'டக்' என்று ஒரு சத்தம். எலும்புதான் போய்விட்டது என்று நினைத்துக் கத்தினேன். வண்டி என் மேல் விழுந்துவிட்டது என்று நினைத்து இவள் கத்தினாள். கழன்றது நட்.

ஆனால் ஒன்று. தலை சக்கரத்துப் பக்கம், நட் உள்பக்கம் என்று எழுதியிருந்தாய். இங்கே நட் சக்கரத்துப் பக்கம்தான் இருக்கிறது. நான்தான் தலைகீழாகப் படுத்துக்கொண்டு பார்க்கிறேனோ என்று வெளியே வந்து நின்றுகூடப் பார்த்தேன். அப்படியேதான் இருக்கிறது.

போல்ட் மட்டும் அசைய மறுக்கிறது. சுத்தியலால் அடித்தால் கை அதிர்கிறது, அது அப்படியே இருக்கிறது. புஷ்ஷின் நடுவில் ஓர் இரும்புக் குழாய் உண்டாமே, அதோடு துருவில் ஒட்டிக்கொண்டுவிட்டது. திருப்பினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு பழையபடி திரும்பி வருகிறது. அடுத்த தெரு வெல்டரிடம் கேட்டேன். "அஞ்சு நிமிஷம் நெருப்பு காட்டினா வெண்ணெய் மாதிரி வந்துடும் சார், ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு வரேன்" என்றிருக்கிறார். பதிமூன்றாம் தேதி மத்தியானத்துக்குள் முடிந்துவிடும்.

கோபம் எத்தனை மரை கழன்றிருக்கிறது?

உன் தம்பி

---

மார்ச் 13, ஞாயிறு

ஊசிக்கு,

இன்று காலை நான் உனக்குப் போட்ட போன் கணக்கில் சேராது. "நெருப்பு வைக்காதே, டேங்க்கு இருக்கு" என்று மட்டும்தான் சொன்னேன். அது எச்சரிக்கை. ரயில் பாதை ஓரத்தில் போர்டு வைக்கிறார்கள், போர்டு யாரோடாவது பேசுகிறது என்று யாராவது சொல்வார்களா?

உன் கடிதம் நேற்று சாயங்காலம்தான் கைக்கு வந்தது. பதில் போட்டால் உனக்குச் செவ்வாய்க்கிழமை கிடைக்கும். ராத்திரியே கூப்பிட்டிருப்பேன். காலையில் கூப்பிட்டாலும் போதும் என்று வீம்பாகப் படுத்துவிட்டு, விடியும்வரை கண்ணை மூடவில்லை. அந்த போல்ட்டின் தலைக்கும் பெட்ரோல் டேங்குக்கும் நடுவே நாலு விரல் இடம்தான் இருக்கிறது. நீ கொஞ்சம்தான் பெட்ரோல் ஊற்றினேன் என்றாய். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க் ஆபத்து, உள்ளே முழுக்க ஆவி. அந்த வெல்டர் அதைப் பார்க்காமல் வெண்ணெய் வெட்டக் கிளம்பிவிட்டார்.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். போல்ட்டை முழுதாக வெளியே எடுக்கும் ஆசையை விட்டுவிடு. துரு விட்டுக்கொடுத்தாலும் அது வெளியே வராது. தலை உள்பக்கம் இருப்பதால் உள்பக்கமாகத்தான் உருவ வேண்டும், பாதி வருவதற்குள் டேங்கில் முட்டும். யாரோ ஓர் அறிவாளி தப்பான பக்கத்திலிருந்து சொருகியிருக்கிறார். ஆகவே வெட்டு. புஷ்ஷுக்கும் அதைப் பிடித்திருக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு பிளேடு நுழையும் சந்து, இரண்டு பக்கமும் உண்டு. இரும்பு அறுக்கும் ஹாக்ஸா பிளேடை மட்டும் எடு, சட்டம் உள்ளே போகாது. ஒரு முனையில் துணியைச் சுற்றிக் கைப்பிடி பண்ணிக்கொள். அது உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எண்ணெய் விட்டுக்கொண்டே மெதுவாக அறு. அவசரப்பட்டால் பிளேடு உடையும். கண்ணாடி போட்டுக்கொள், கண்ணில் தூள் விழும்.

தோள்பட்டைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்.

அக்கா

---

மார்ச் 16

அன்புள்ள அக்காவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை காலை போனில் உன் குரலைக் கேட்டதும், நீ என்ன சொன்னாய் என்பது எனக்குக் காதில் ஏறவேயில்லை. அக்கா பேசுகிறாள் அக்கா பேசுகிறாள் என்றுதான் இருந்தது. நல்லவேளை, நீ போட்ட சத்தம் சமையலறை வரைக்கும் கேட்டிருக்கிறது. "அண்ணி நெருப்பு வைக்கக் கூடாதுன்னாங்க. நீங்க என்னத்துக்கு சிரிச்சிக்கிட்டு நிக்கறீங்க?" என்று இவள்தான் எனக்குச் சொன்னாள். வெல்டரைத் திருப்பி அனுப்பினேன். டேங்க் இருக்கும் இடத்தைக் காட்டியதும் மனுஷன் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

அறுக்க ஆரம்பித்துவிட்டேன். உள்பக்கத்து வெட்டு கால்வாசி வந்திருக்கிறது, மூன்று பிளேடு உடைந்திருக்கிறது. படுத்துக்கொண்டு அறுக்கும்போது பொழுது போகவேண்டுமே, அந்த அறிவாளியைத் திட்டிக்கொண்டே அறுக்கிறேன். வெல்டரும் நேற்றும் இன்றும் வந்து உட்கார்ந்து, அவர் பங்குக்குத் திட்டுகிறார். "போல்ட்ட எந்தப் பக்கம் போடறதுன்னு தெரியாதவன்லாம் எதுக்கு சார் ஸ்பானரத் தொடறான்?" என்றார் நேற்று. இவள்கூட, காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "அவங்க வீட்ல சொல்லிக் குடுக்க ஆளில்ல போல" என்றாள். நீ கேட்டிருந்தால் சிரித்திருப்பாய்.

உன் தம்பி

---

மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு வெட்டும் முடிந்தது. நேற்று காலை இரும்புக் கை 'தொப்'பென்று இறங்கியது, போல்ட்டின் தலைத் துண்டும் தானே விழுந்தது. மொத்தம் ஏழு பிளேடு. கிழிந்த புஷ்ஷை வெல்டர் தன் வைஸ் இடுக்கியில் வைத்து அழுத்தி எடுத்தார். புதிதை அவரே ஏற்றியும் கொடுத்தார், தப்பான நெருப்புக்குப் பரிகாரமாம்.

போன கடிதத்தில் அந்த அறிவாளியைப் பற்றி ஏதேதோ எழுதிவிட்டேன். அதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். யாராக இருந்தாலும், ஏதாவது அவசரத்தில் இருந்திருக்கலாம். மனசு சரியில்லாமல் இருந்திருக்கலாம். யானைக்கும் அடி சறுக்கும். நீயும் இனி திட்டாதே. வெல்டரிடமும் இவளிடமும் சொல்லிவிட்டேன், அந்தப் பேச்சை இனி யாரும் எடுக்க மாட்டார்கள்.

தலைத் துண்டைத் துடைத்துப் பொத்தான் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.

உன் தம்பி

---

மார்ச் 19

அன்புள்ள தம்பிக்கு,

'அன்புள்ள' போட்டிருக்கிறேன். ஏன் என்று படித்தால் புரியும்.

உன் கடிதத்தை நேற்றிலிருந்து மூன்று தடவை படித்துவிட்டேன். அந்த அறிவாளி நான்தான்.

நட் சக்கரத்துப் பக்கம் இருக்கிறது என்று நீ எழுதியதைப் படித்த உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் 'யாரோ' என்று எழுதினேன். இருபத்தெட்டு வருஷமாக எத்தனை பேர் செய்த தப்புகளைக் காட்டிக்காட்டித் திட்டியிருக்கிறேன், என் தப்பைச் சொல்லக் கை வரவில்லை. நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நீ சின்ன வயசில் என்னைக் கேலி பண்ணுவாய். சரியாகத்தான் பண்ணினாய்.

இங்கே பட்டறை போட நான் ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முந்தின நாள் நடந்தது அது. புஷ் தேய்ந்திருந்தது. நீ துணி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு அதில்தான் அலைவாய், அப்படியே விட்டுவிட்டுப் போக மனசில்லை. டேங்க் ஒழுகுகிறது என்று ஏற்கெனவே கழற்றித் தரையில் வைத்திருந்தேன். அன்றைக்குத்தான் நீ, "போறதுன்னா போ, யார் உன்னப் புடிச்சி வெச்சிருக்கா?" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனாய். நான் அழுதுகொண்டே வேலை செய்தேன். எதிரில் டேங்க் இல்லாமல் வெட்டவெளியாக இருந்தது, கைக்கு வந்த பக்கத்திலிருந்து சொருகிவிட்டு, பிறகு டேங்கை மாட்டினேன். கிரீஸும் தடவவில்லை. கிரீஸ் டப்பா மூட்டைக்குள் போயிருந்தது. பிரித்து எடுக்கச் சோம்பல் இல்லை. மூட்டையைப் பிரித்தால் அப்புறம் போகமாட்டேன் என்று பயம்.

துரு பிடித்ததற்கும் நான்தான் காரணம், வெளியே வராததற்கும் நான்தான் காரணம். என் ஊசித் தம்பி நாள்கணக்காக அடியில் படுத்துக்கிடக்கிறான். அதிலே நெருப்பு வேறு வைக்கப் பார்த்தார்கள். ஏதாவது ஆகியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? அறுத்து முடித்து போல்ட்டின் தலை கைக்கு வந்ததும் மண்ணெண்ணெயில் நனைத்துத் துடைத்துப் பார். சிவப்பு இருக்கும்.

வண்டி வராவிட்டாலும் பரவாயில்லை. என்னை மன்னித்துவிடு.

அக்கா

---

மார்ச் 21

அன்புள்ள அக்காவுக்கு,

சிவப்பு இருக்கிறது. வெள்ளிக்கிழமையே பார்த்துவிட்டேன். நம் கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. நான் மூடி மறைத்து எழுதியது உனக்கு வந்து சேரும்போது, நீ திறந்து கொட்டியது எனக்கு வந்துவிட்டது.

அதைப் பார்த்ததும் வண்டிக்கு அடியிலேயே கொஞ்ச நேரம் கிடந்தேன். வெல்டர் காலைப் பிடித்து இழுத்து, "சார், மயக்கமா?" என்று கேட்டார். நான் என்னென்ன திட்டியிருந்தேன் என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. இவள் அன்றைக்கு முழுக்கத் தலையில் அடித்துக்கொண்டிருந்தாள். "அண்ணிய வளத்தது சரியில்லன்னு சொல்லிட்டேனே, அத்தை இருந்திருந்தா என்னைப் பாத்து என்ன நெனச்சிருப்பாங்க?" என்று. போன கடிதத்தில் உனக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்றுதான் அப்படி எழுதினேன்.

நீ ஒன்றைச் சொல்லிவிட்டாய், நானும் சொல்லிவிடுகிறேன். நீ கிளம்பிய அன்று வழியனுப்ப நான் வரவில்லை. கடையில் அவசரத் துணி என்று சொல்லி அனுப்பினேன். ஒரு துணியும் இல்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். உன் சாமான் ஏற்றிய லாரி கடையைத் தாண்டியபோது அதன் சக்கரம் மட்டும்தான் தெரிந்தது. வெளியே வந்தால் லாரிக்காரர் முன்னால் அழுதுவிடுவேன் என்று வரவில்லை. 'போறதுன்னா போ' என்று நான் சொன்னது, போகாதே என்று சொல்லத் தெரியாமல் சொன்னது. இதை நேரில் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் கிடையாது.

மன்னிப்பெல்லாம் வேண்டாம். வண்டி வராவிட்டாலும் பரவாயில்லை என்று எழுதினாயே, அதற்குத்தான் எனக்குக் கோபம். ஏழு பிளேடு உடைத்தவனிடம் சொல்லும் பேச்சா அது? சனிக்கிழமை விடியற்காலை கிளம்புகிறேன். புது போல்ட்டைச் சக்கரத்துப் பக்கமிருந்து, கிரீஸ் தடவிச் சொருகிவிட்டேன். இன்னும் இறுக்கவில்லை. எவ்வளவு இறுக்க வேண்டும்?

உன் தம்பி

---

மார்ச் 23

அன்புள்ள தம்பிக்கு,

சக்கரத்தை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கிய பிறகுதான் போல்ட்டை இறுக்க வேண்டும். அந்தரத்தில் வைத்து இறுக்கினால், கீழே இறக்கும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். இறக்கிவிட்டு, உள்ளே அவளை உட்காரவைத்துவிட்டு இறுக்கு. வெல்டரை ஒரு தடவை இழுத்துப் பார்க்கச் சொல். உன் கைப்பலத்தை நம்ப மாட்டேன்.

சிவப்புப் பொட்டு வைக்காதே. அதை நான்தான் வைப்பேன்.

அம்பது கிலோமீட்டருக்கு ஒரு தடவை நிறுத்தி அந்த போல்ட்டைத் தொட்டுப் பார். இரண்டு குடம் தண்ணீர் எடுத்துக்கொள். வேகம் வேண்டாம். தூக்கம் வந்தால் ஓரமாக நிறுத்திப் படு. வழியெல்லாம் அவள் பக்கத்தில் இருந்து பேசிக்கொண்டே வரட்டும்.

உன் கடைசிக் கடிதத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன்.

அக்கா

---

மார்ச் 26, சனி, பகல் மூன்று மணி

அக்கா,

உன் தெரு மேட்டுக்குக் கீழே நிற்கிறேன். உன் பட்டறைப் பலகை இங்கிருந்தே தெரிகிறது. ஒன்பது மணி நேரம் ஒரு குறையும் சொல்லாமல் வந்த வண்டி, இந்த மேட்டைப் பார்த்ததும் ஆவி விட ஆரம்பித்துவிட்டது. இரண்டு குடம் தண்ணீரும் தீர்ந்தது. மூன்று தடவை ஏற்றிப் பார்த்தேன், பாதியில் எஞ்சின் நின்று பின்னால் உருள்கிறது. போல்ட் மட்டும் கல் மாதிரி நிற்கிறது.

உன் வாசலுக்கு இன்னும் இருநூறு அடிதான். நடந்து வந்துவிடலாம். வந்தால் நீ வைத்த நிபந்தனை உடைந்துவிடும், நீ பேசாமல் இருந்துவிட்டால் என்ன செய்வது? இவள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். தபால்காரர் இந்த வழியாக வந்தார். "இந்த மாசம் பூரா நீங்க எழுதினதத் தூக்கிட்டு இந்த மேட்டுல ஏறினது நாந்தான். நீங்கதான் அந்தத் தம்பியா?" என்று கேட்டார். தபால்தலை இல்லாமல் இதைக் கொடுத்தனுப்புகிறேன். என்ன செய்யட்டும்?

தம்பி

---

(அதே தாளின் பின்பக்கம்)

அட மண்டு,

தன்னோட சக்கரத்தில் வரவேண்டும் என்றுதான் சொன்னேன். தன்னோட எஞ்சினில் வரவேண்டும் என்று எப்போது சொன்னேன்?

வண்டியை நியூட்ரலில் போட்டுவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார். அவளையும் இறங்க விடாதே. பட்டறையில் நாலு பேர் இருக்கிறார்கள், எல்லோரையும் கூட்டிக்கொண்டு இறங்கி வருகிறேன். நாங்கள் தள்ளுகிறோம். சிவப்பு பாட்டில் பையில் இருக்கிறது. வாசலுக்கு வந்து நின்றதும் நான்தான் முதலில் பேசுவேன், அதுவரை நீ வாயைத் திறக்கக் கூடாது.

பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியை மட்டும் மேலே திருப்பி வைத்துவிடு. தள்ளுகிறவள் அழுதுகொண்டே வருவாள், ஓட்டுகிறவன் அதைப் பார்க்க வேண்டாம்.